டைரக்டர் தட்டை வாங்கிக்கொண்டார்

செய்தியறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, அம்மணிகளே,

நெருக்கடியில் நிதானமாக முடிவெடுப்பது எப்படி என்று உங்களுக்கு எழுதித் தரச் சொல்லி உங்கள் ஆசிரியர் என்னைக் கேட்டிருக்கிறார். ஆளைத் தப்பாகப் பிடித்துவிட்டார். நிதானத்தை நான் அடுத்தவர்களிடம் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பதறுவது எப்படி என்று கேட்டிருந்தால் புத்தகமே போட்டிருப்பேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், எங்கேயாவது போன் மணி அடித்தால் நான் செருப்பைத் தேடுகிறேன். “அது டிவியில அடிக்குதுங்க, உக்காருங்க” என்பாள் என் மனைவி.

இருந்தாலும் கேட்டுவிட்டார். ஒரு நாள் காலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதில் பாடம் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சிரித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

தொண்ணூறுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு மாலைப் பத்திரிகையின் விளையாட்டு நிருபர். அப்போது எங்கள் ஊரில் மோட்டார் பம்ப் செய்கிற ஒரு கம்பெனி ஹாக்கி டீம் வைத்திருந்தது. பேருக்கு அந்தப் பையன்கள் கம்பெனி ஊழியர்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட ஒரு ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்ததில்லை. காலையிலும் மாலையிலும் மட்டையைப் பிடிப்பதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம். ஊரும் அதைச் சரி என்றே நினைத்தது. பம்ப் ரிப்பேர் ஆனால் திட்டுவார்கள். டீம் தோற்றால் சாப்பிட மாட்டார்கள்.

பிறகு கம்பெனியை மெட்ராஸ்காரர்கள் வாங்கினார்கள். ஃபாக்டரி இங்கேயே இருந்தது, சங்கு இங்கேயே ஊதியது, டீமை மட்டும் மெட்ராஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கோயமுத்தூருக்கு ஒரே பேச்சுதான்: டீம் எப்போது திரும்பி வரும்? பீளமேட்டு டீக்கடையில் வரும் என்றார்கள். உக்கடத்தில் வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். சிங்காநல்லூரில் ஒருவர் கோச்சை பஸ்ஸிலேயே பார்த்ததாகச் சொன்னார். விசாரித்தால் அது அவருடைய மச்சினன்.

நானும் சும்மா இல்லை. ஒரு கோடைக்காலத்தில், குடிக்கவே தண்ணீர் இல்லாத நேரத்தில், பழைய ஹாக்கி மைதானத்துக்கு லாரி லாரியாகத் தண்ணீர் அடித்தார்கள். குடிக்கிற தண்ணீரை மண்ணில் ஊற்றுகிறார்கள் என்றால் டீம் வருகிறது என்றுதானே அர்த்தம்? “திரும்புகிறதா நம் டீம்?” என்று எழுதிப்போட்டேன். மறுநாள் ஒரு மந்திரியின் ஹெலிகாப்டர் வந்து அங்கே இறங்கியது. புழுதி கிளம்பக் கூடாது என்று தண்ணீர் அடித்திருக்கிறார்கள். தலைப்பின் கடைசியில் இருந்த கேள்விக்குறிதான் அன்றைக்கு என் வேலையைக் காப்பாற்றியது. எங்கள் செய்தி ஆசிரியர் அதைத் தடவிக் காட்டி, “இந்தக் கொக்கியில தொங்கிட்டு இருக்கறயப்பா நீ” என்றார்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

மெட்ராஸிலிருந்து கம்பெனியின் டைரக்டர் ஒருவர் ஃபாக்டரியைப் பார்க்க வந்தார். அவினாசி ரோட்டுக் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க எங்கள் ஊர் டீம் மீட்புக் குழு கிளம்பியது. ஆம், அப்படி ஒரு குழு இருந்தது. தலைவர் நாச்சிமுத்து அண்ணன், கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். ஜென்மத்தில் மட்டையைத் தொட்டதில்லை, ஆனால் ஒரு மேட்சையும் விட்டதில்லை. பந்து கோலுக்கு அருகில் போனால் பக்கத்தில் இருப்பவர் தொடையில் ஓங்கி அறைவார். அந்தத் தொடை பல வருடம் என்னுடையது.

கெஸ்ட் ஹவுஸ் வாசலில் அவரைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் பெரிய பித்தளைத் தட்டு. அதில் தேங்காய், பூவன்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ. எலுமிச்சம்பழம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஹாக்கிப் பந்து.

“ஏனுங்கண்ணா, மனுக் குடுத்தாப் போதாதுங்களா? தட்டெல்லாம் எதுக்குங்க?” என்றேன்.

“மனுவைக் குடுத்தா வாங்கி அக்கட்ட வெச்சுப்போடுவான். தட்டை வாங்கினவன் பேச்சு மாற முடியுமா கண்ணு? பொண்ணு எடுத்தாலும் சரி, காடு வாங்கினாலும் சரி, நம்ம பக்கம் தட்டு மாத்திப்போட்டா முடிஞ்சுது.”

“ஹாக்கி டீமுக்குத் தட்டு மாத்தறதை இப்பத்தானுங்க பாக்கறேன்.”

“அப்பப் பார்த்துக்கோ. பார்த்து நல்லா எழுது.”

உள்ளே போனோம். டைரக்டர் பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய தமிழ் அம்மாவிடம் சாப்பாடு கேட்கிற அளவுக்கு இருந்தது. நாச்சிமுத்து அண்ணன் தட்டை நீட்டி, “எங்க ஊட்டுப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பி வெக்கோணுமுங்க” என்றார்.

டைரக்டர் எழுந்தார். இரண்டு கைகளாலும் தட்டை வாங்கிக்கொண்டார். “ஓ, ரொம்ப சந்தோஷம்” என்றார். பந்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். “நானும் ஸ்கூல்ல ஆடியிருக்கேன். லெஃப்ட் அவுட்” என்றார். பிறகு யாரையோ கூப்பிட்டார். ஒரு எவர்சில்வர் தட்டு வந்தது. அதில் கம்பெனி காலண்டர்களும் குட்டி பம்ப் தொங்கும் சாவிக்கொத்துகளும். அதை அவர் தன் கையாலேயே, இரண்டு கைகளாலும், நாச்சிமுத்து அண்ணனிடம் கொடுத்தார்.

தட்டு போனது, தட்டு வந்தது.

“மாத்தியாச்சுங்கோ!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். வெளியே தயாராக வைத்திருந்த சரவெடிக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். டைரக்டர் திடுக்கிட்டு, “என்ன சத்தம்?” என்றார். “ஒண்ணுமில்லீங்க, சந்தோஷமுங்க” என்றார்கள். “வெரி குட், வெரி குட்” என்றார் அவர்.

நான் அதற்குள் வாசலில் இருந்தேன். எப்படி மொபெட்டை எடுத்தேன், எந்த வழியாக வந்தேன், ஒன்றும் நினைவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. தலைப்பை மறந்துவிடக் கூடாது என்று உள்ளங்கையில் எழுதியிருந்தேன். ஆக்ஸிலேட்டரைத் திருகித் திருகி அது மையாக வழிந்திருந்தது. ஆபீஸுக்குள் நுழைந்தபோது என்னிடம் ஒரு வார்த்தைதான் மிச்சம்: “வருதுங்க!”

எங்கள் செய்தி ஆசிரியர் எழுந்து நின்றுவிட்டார். அவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்களுக்கெல்லாம் அவர்தான் ஆசான், கறாரான ஆள். ஆனால் ஹாக்கி என்றால் அவரும் சின்னப்பையன்தான். முதல் பக்கத்திலிருந்த வாய்க்கால் தகராறைத் தூக்கி உள்ளே போடச் சொன்னார். இருக்கிறதிலேயே பெரிய எழுத்தை எடுக்கச் சொன்னார். தன் வீட்டுக்கு போன் போட்டு, “அம்மணி, டீம் வந்துருச்சு” என்றார். அதற்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பென்சிலை எடுத்தார்.

“செரி, சொல்லு. டைரக்டர் என்ன வார்த்தை சொன்னாரு? அப்படியே போட்டறலாம்.”

“தட்டை வாங்கிக்கிட்டாருங்க.”

“வாங்கட்டும். என்ன சொன்னாரு?”

“ரொம்ப சந்தோஷம்னாருங்க.”

“பொறவு?”

“லெஃப்ட் அவுட்டுன்னாருங்க.”

பென்சில் நின்றது. “ஏப்பா, இதுல டீம் எங்கப்பா வருது?”

காலையிலிருந்து நான் பார்த்ததெல்லாம் கண்முன் அப்படியே இருந்தது: தட்டு, பந்து, காலண்டர், வெடி. எல்லாம் நிஜம். ஆனால் ‘டீம் வரும்’ என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்ததாக நினைவில்லை. ஒருவேளை நான் கிளம்பிய பிறகு சொல்லியிருப்பாரோ? தட்டை வாங்கியதே சொன்ன மாதிரிதானே? பம்பாயில் தட்டு மாற்றினால் என்ன அர்த்தம்? மேசையிலிருந்த டீயை எடுத்துக் குடித்தேன். அது புரூஃப் பார்ப்பவருடைய டீ.

அப்போதுதான் போன் வந்தது. மெட்ராஸிலிருந்து எஸ்டிடி. செல்வராஜ் பேசினான்.

செல்வராஜ் எங்கள் பக்கத்துப் பையன், அந்த டீமின் கோல்கீப்பர். அவன் மனைவி கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், வேலையை விட்டு வரமுடியாது. குழந்தை பிறந்து அதற்கு அப்பா முகம் சரியாகத் தெரியாத நிலைமை. ஊருக்கு வந்தால் குழந்தை இவனைக் கண்டு அழும், இவன் குழந்தை அழுவதைக் கண்டு அழுவான்.

“அண்ணா, வெடி வெச்சாங்களாமா? ஊட்ல இருந்து போன் பண்ணி அழுவறாளுங்க. நெஜமாலும் டீம் வருதுங்களா?”

“ஏன் செல்வராஜு, இவ்வளவு பதட்டம்?” என்று கேட்டேன். கேட்டது யார் பாருங்கள்.

“உடுமலைப்பேட்டையில ஒரு மில்லுல சூப்பர்வைசர் வேலை சொல்லியிருக்காங்கண்ணா. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள வாரேன், வல்லைன்னு சொல்லிப்போடோணும். இல்லீன்னா வேற ஆளுக்குப் போயிரும். அங்க ஹாக்கியெல்லாம் கெடையாதுங்க. டீம் இங்க வருதுன்னா அதை வேண்டான்னுட்டு டீமோட வந்துருவேன். வல்லைன்னா மட்டையை வெச்சுட்டு மில்லுக்குப் போயிருவேன். நீங்க நேர்ல பார்த்தவருங்க. சொல்லுங்கண்ணா, வருதுங்களா?”

தம்பிகளே, ஊர் முழுக்க என் செய்தியைப் படிக்கும் என்பதில் எனக்கு ஒரு பயமும் இருந்ததில்லை. ஊருக்கு முகம் கிடையாது. ஒரே ஒரு ஆள், ஒரு எஸ்டிடி பூத்தில், மீட்டர் ஓட ஓட, என் பதிலை வைத்துக் குடும்பத்தை எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்யப்போகிறான் என்றபோதுதான் எனக்குப் பயம் வந்தது. வரும் என்று சொல்லி வராவிட்டால், மில் வேலையும் போய் மெட்ராஸிலேயே கிடப்பான். வராது என்று சொல்லி வந்துவிட்டால், கோலுக்கு முன்னால் வேறு ஒருவன் நிற்பான்.

“கொஞ்சம் பொறுத்து மறுக்கா கூப்புடு” என்று வைத்துவிட்டேன். செய்தி ஆசிரியரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கம் முடிய இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அதிகம் இல்லை.

“போயி நேரா கேட்டுப்போட்டு வா” என்றார். “ஒரு காலுக்குச் செருப்பு வேணுமா?” என்று தன்னுடையதைக் கழற்றினார். அது எனக்குப் பெரிது. அதையும் போட்டுக்கொண்டு போனேன்.

கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நாச்சிமுத்து அண்ணன் எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எதற்குத் திரும்பி வந்தேன் என்று சொன்னதும் லட்டுக் கை அப்படியே நின்றது.

“தட்டு மாத்தின பொறவு மாப்பிள்ளை ஊட்டுக்குப் போயி ‘நெஜமாலுமா?’ன்னு கேப்பியா? கேட்டா அந்தக் கல்யாணம் நிக்குமா? நீயே கெடுத்துப்போடாத கண்ணு.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. ஒருவேளை அந்த ஆள் மனதுக்குள் முடிவு செய்திருந்து, நான் போய்ச் சந்தேகப்பட்டதில் கோபித்துக்கொண்டால்? டீமை ஊரிலிருந்து விரட்டியவன் என்று என் பேரன் காலம்வரை சொல்வார்களே? லட்டை வாயில் போட்டுக்கொண்டே யோசித்தேன். லட்டு தீர்ந்துவிட்டது.

“இல்லீங்கண்ணா, பேனாவை உள்ள வெச்சுட்டு வந்துட்டேனுங்க” என்றேன். பேனா என் சட்டைப் பையில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. அதற்குள் உள்ளே நுழைந்துவிட்டேன்.

டைரக்டர் தட்டிலிருந்த பூவன்பழத்தில் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். “உக்காருங்க. பழம் ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றார்.

“சார், டீம் கோயமுத்தூருக்குத் திரும்பி வருமா?”

“அது என் கையில இல்லை. போர்டு முடிவு பண்ணணும்.”

“போர்டு என்ன சொல்லுமுங்க?”

“நான் என்ன ரிப்போர்ட் குடுக்கறேனோ அதை.”

“நீங்க என்ன ரிப்போர்ட் குடுப்பீங்க?”

“போர்டு என்ன நினைக்குதுன்னு பார்த்துட்டு.”

எனக்கு அழுகை வந்தது. “அப்ப தட்டை வாங்கினீங்களே சார்?”

அவர் உண்மையிலேயே குழம்பினார். பாதி உரித்த பழத்தோடு தட்டைப் பார்த்தார். “பெரியவர் மரியாதையா குடுத்தார். வேண்டாம்னு எப்படிச் சொல்றது? நானும் காலண்டர் குடுத்தேனே?” பிறகு கொஞ்சம் பயந்து, “ஏன், திருப்பிக் குடுக்கணுமா? ஒரு பழம் சாப்பிட்டுட்டேனே” என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு பெரிய கம்பெனியின் டைரக்டரும் என்னைப் போலவே விழித்தது எனக்கு எங்கேயோ கொஞ்சம் தைரியம் கொடுத்தது. டீம், போர்டு, வருங்காலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். செல்வராஜ் மட்டும் மனதில் இருந்தான். அவன் குழந்தை அழுவது இருந்தது.

“சார், அடுத்த மாசம் பசங்க எங்க தங்குவாங்க?”

“ஏன், மெட்ராஸ்லதான். குவார்ட்டர்ஸுக்கு இப்பத்தான் புதுசா லீஸ் போட்டோம். ஃபேமிலியைக்கூடக் கூட்டிட்டு வரலாம், வீடு பெரிசு.”

ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார். காலையிலிருந்து நான் கேட்ட முதல் பதில் அது. எப்போது வரும், என்ன ஆகும் என்று கேட்டால் பெரிய மனிதர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள், பொய் சொல்வதுகூட இல்லை, அவர்களுக்கே தெரியாது. அடுத்த மாதம் யார் எங்கே படுப்பார்கள் என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். எனக்கு இது அறிவால் கிடைக்கவில்லை. கேட்க வேறு கேள்வி இல்லாமல் போனதால் கிடைத்தது.

செய்தி ஆசிரியர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பெரிய எழுத்தையெல்லாம் திருப்பி அனுப்பினார். வாய்க்கால் தகராறு முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தது. அதன் கீழே சின்னதாக: “ஹாக்கி டீம்: குழுவினர் தந்த தட்டை டைரக்டர் பெற்றுக்கொண்டார். முடிவு எதுவும் சொல்லவில்லை.” எழுதி முடித்துவிட்டு அவர் ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார்.

எங்களோடு போட்டி போட்ட இன்னொரு மாலைப் பத்திரிகை “வந்துவிட்டது!” என்று போட்டது. அது தட்டுப்பாடாகி, கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். எங்கள் பத்திரிகையை டவுன்ஹால் பக்கம் ஒருவர் என் கண்முன்னாலேயே கிழித்தார். நாச்சிமுத்து அண்ணன் அதன் பிறகு மேட்சுக்கு வந்தால் வேறு யாருடைய தொடையையோ தேடிப் போய் உட்கார்ந்தார்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. பக்கம் அச்சுக்குப் போனதும் செல்வராஜின் போன் வந்தது.

வரும் என்றோ வராது என்றோ நான் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன். தட்டை வாங்கினார். பழம் சாப்பிட்டார். குவார்ட்டர்ஸுக்குப் புது லீஸ் போட்டிருக்கிறார்கள், அது அவர் வாயாலேயே வந்தது. டீமைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை.

அந்தப் பக்கம் பஸ் சத்தம் கேட்டது.

“தட்டுல என்னென்னண்ணா வெச்சிருந்தீங்க?” என்றான்.

சொன்னேன். பந்தையும் சொன்னேன்.

“பந்து யாருதுங்க?”

“தெரியல செல்வராஜு.”

“செரிங்கண்ணா. மில்லுக்கு வாரேன்னு சொல்லிப்போடறேனுங்க. குழந்தை என்னை அடையாளங் கண்டுக்கோணுமில்லீங்க.”

என்னைப் போன்ற ஆளுக்கு அந்த மாதிரி நேரத்தில் தொழில்தான் கை கொடுக்கும். “உன் முடிவை நாளைக்குப் போடட்டுமா? ‘கோல்கீப்பர் விலகினார்’னு. காலையில இருந்து நாய் மாதிரி அலைஞ்சு எனக்குக் கெடச்ச ஒரே உறுதியான சேதி இதுதான்ப்பா.”

“ஐயோ, வேண்டாங்கண்ணா!” என்று பதறினான். “கம்பெனியில முட்டி வலின்னு லீவுதான் சொல்லியிருக்கேனுங்க. போட்டுப்போடாதீங்க.”

“அதுதான் போறதுன்னு ஆயிப்போச்சே. இனி தெரிஞ்சா என்ன?”

“டீம் ஒருவேளை வந்துதுன்னு வெய்ங்க. நான் உட்டுப்போட்டுப் போயிட்டன்னு பேப்பர்ல வந்திருந்தா, என்னையக் கூப்புடாம உட்ருவாங்கள்ல?”

மீட்டருக்குக் காசு தீர்ந்தது போல, போன் அறுந்தது.

“நாளைக்கு ஹாக்கியில ஏதாச்சும் இருக்காப்பா?” என்று செய்தி ஆசிரியர் கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

டீம் இன்றுவரை வரவில்லை. கம்பெனி இன்னும் இரண்டு கை மாறி, அவர்களுக்கு ஹாக்கி என்றால் என்னவென்றே தெரியாத நிலைமைக்குப் போய்விட்டது. அந்தப் பையன் மில்லில் வேலை பார்த்து, தலை நரைத்து, பேரனையும் பார்த்தாயிற்று. அவன் பெயர் செல்வராஜ் இல்லை. கோல்கீப்பரும் இல்லை. மில்லும் உடுமலைப்பேட்டையில் இல்லை. உங்களில் யாராவது சுறுசுறுப்பாகத் தேடிப் பிடித்து எழுதிவிடுவீர்கள் என்றுதான் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். விட்டுவிடுங்கள். டீம் ஒருவேளை வந்துபோட்டால்?